இரண்டரை லிட்டர்

வெறும் வண்டி லிட்டருக்குப் பதினாலு தரும்.
ஜெனரேட்டர் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினால்
ஒன்பதாவது வரவேண்டும்.
ஆறரை என்று எழுதியிருந்தான் இசக்கிதுரை,
மூன்று நடையும் ஆறரை.

மிச்ச டீசல் எங்கே என்று நான் கேட்கவில்லை.
தென்மலைக் கல்யாணத்துக்குப் போகும்போது
பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

செங்கோட்டை பங்க்கில் கழுத்துவரை நிரப்பினோம்,
எல்லை தாண்டினால் விலை கூட.
புளியரை செக்போஸ்ட் வரை
அவனும் வாய் திறக்கவில்லை.

எஸ் வளைவில் இரண்டாவது கியர்.
பின்னால் ஒன்றரை டன் இரும்பு
வரமாட்டேன் என்று இழுத்தது.
அதுகூடப் பரவாயில்லை.
கணவாய் வழியே ஆனிக் காற்று
நேரே வண்டியின் நெஞ்சில் மோதியது.
டிரெய்லர்மேல் கட்டிய தார்ப்பாய்
புடைத்து, படிந்து, மறுபடி புடைத்து
எங்களைத் தென்காசிக்கே திருப்பிவிடப் பார்த்தது.

ஆரியங்காவில் ஓரங்கட்டி
சாரலில் நனைந்துகொண்டே இறுக்கிக் கட்டினான்.
மூன்றாவது முடிச்சு நான் போட்டது.
"வரும்போது பாருங்கக்கா,
இதே காத்து தள்ளிவிடும்."

போக நாலே முக்கால். வர பத்தரை.
கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டேன்:
ஆறரைதான்.

ராத்திரி கணக்கு நோட்டில்
டிரைவர் படிக்குக் கீழே புதிதாக ஒரு வரி:
மலையும் காற்றும், இரண்டரை லிட்டர்.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து
என்கிற கட்டத்தை
காலியாக விட்டேன்.