நாற்பத்திரண்டு அங்குலம்

"நீயே பார்த்து ஒன்று எடு" என்றார் அர்பாப்,
வாய்ஸ் மெசேஜில், பின்னால் குழந்தை அழ.
தொள்ளாயிரம் ரியால் வரை போகலாம். பில் முக்கியம்.

பர்க்காவுக்கு வந்த பதினோரு வருஷத்தில்
நான் எதையும் பார்த்து எடுத்ததில்லை.
கொடுத்த மண்வெட்டி, கொடுத்த குழாய்,
கொடுத்த அறையில் கொடுத்த கட்டில்.
பழைய தள்ளு மெஷினும் அப்படி வந்ததுதான்.
இழுகயிறு அறுந்து, நைலான் கயிற்றால் முடிந்து,
ஒன்பதாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழும்.

முந்தின நாள் மாலை தோட்டத்தை அளந்தேன், காலால்.
கேட்டிலிருந்து கிணற்றறை வரை நூற்று முப்பது எட்டு.
மஜ்லிஸ் சுவரிலிருந்து ஆட்டுப்பட்டி வரை எழுபது.
நடுவே பேரீச்சை அறுபத்து மூன்று.
நாயன்மார் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.
"அறுபத்து நாலு" என்றான் மொஃபிஸ்.
சுவருக்கு வெளியே சாய்ந்து நிற்பதை நான் எண்ணவில்லை.
அதற்கும் அவன்தான் தண்ணீர் விடுகிறான்.

வாதி கபீர்க் கடையில் ஏ.சி. பல்லைக் கிட்டவைத்தது.
சட்டையில் ஷினோஜ் என்று பெயர் குத்திய மலையாளி
முதலில் சிலிண்டர் வகையைக் காட்டினான்,
கத்திரிக்கோல் போல வெட்டுமாம், கோல்ஃப் மைதான வேலை.
எங்கள் தரையில் புல்லும் மணலும் பாதிப் பாதி,
கத்தி ஒரு வாரம் தாங்காது என்றேன்.
அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.
இது எனக்குத் தெரியும் என்பது
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது ரோபோ, ஆமை மாதிரி.
ராத்திரியில் தானாக ஊர்ந்து, தானாகச் சார்ஜ் ஏறி,
மழை வந்தால் தானாக வீடு திரும்புமாம்.
மழையா என்றேன். அவனும் சிரித்துவிட்டான்.
விலை, அர்பாப் சொன்னதற்கு நூற்றைம்பது மேலே.
"கேட்டுப் பாருங்க சேட்டா, கொடுப்பார்."
கொடுப்பார். எனக்குத் தெரியும்.
அதனால்தான் கேட்கவில்லை.

மூன்றாவது, ஏறி ஓட்டுவது.
நாற்பத்திரண்டு அங்குல வெட்டு, பதினேழு குதிரைசக்தி,
உயரத்துக்கு ஏழு படி, கோடையில் மேல்படியில் வையுங்கள்,
வேர் வெந்துபோகாது...
ஷினோஜ் பேசிக்கொண்டே போனான்.
நான் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்துகொண்டே ஒரு வேலை!
முதுகுக்குச் சாய்மானம். தேநீர்க் கப் வைக்க ஒரு குழி.
யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்கில் ஏறிய பையனாக
ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினேன்.

"ஒரு குறை உண்டு" என்றான் அவனே, நல்ல மனுஷன்.
"திரும்ப நிறைய இடம் வேணும். மரத்தை ஒட்டிப் போகாது.
ஒவ்வொன்றையும் சுற்றி ஒன்றரை முழம் புல் நிற்கும்,
அதைக் கையால்தான் வெட்டணும்."

ஒன்றரை முழம். அறுபத்து நாலு மரம்.
சுவரோரம் வேறு, ஸ்பிரிங்ளர் தலைகளைச் சுற்றி வேறு.
மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்,
வாரத்தில் மூன்று நாள் வேலை, ஓர் ஆளுக்கு.
மொஃபிஸின் விசா மார்ச்சில் முடிகிறது.

இதையே போடுங்கள் என்றேன்.

அர்பாப் பில்லைப் பார்த்தார், அதிலும் கடைசி வரியை.
நூற்றிருபது ரியால் மிச்சம். தோளைத் தட்டினார்.
பொய் சொல்லவில்லை நான்.
வெட்டும் அகலத்தைச் சொன்னேன்.
வெட்டாத அகலத்தை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிக்கப்பில் வந்து இறங்கியது,
இருக்கையில் பிளாஸ்டிக் உறையோடு.
மொஃபிஸ்தான் முதலில் ஏறினான்.
சாவி திருப்பிய மாத்திரத்தில் எஞ்சின் எழுந்துவிட,
கயிறு இழுத்துப் பழகிய என் வலது தோள்
வெறுங்காற்றை ஒரு தடவை இழுத்துக்கொண்டது.

கேட்டிலிருந்து நேராகப் போனான், பாடிக்கொண்டு.
முதல் மரத்தில் வளைத்தான். மறுபடி வளைத்தான்.
பின்னால் வந்து இன்னொரு முறை வளைத்தான்.
பிறகு நிறுத்திவிட்டு இறங்கி,
மரத்தடியில் வளையமாக நின்ற புல்லைக்
காலால் தடவிப் பார்த்து, முகம் சுண்டி,
என்னிடம் வந்து சொன்னான்:
"மெஷின் கராப், பாய். திருப்பிக் கொடுத்திடு."