நிலை

காரைக்குடி ஆய்வகத்தில் காலை பத்தரை.
எலியின் முன்னங்கால்களைக் கம்பிமேல் வைத்தேன்.
கானாபினாய்டு ஏற்றி அரைமணி ஆகியிருந்தது.
இறங்கவேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை.
தோன்றியும் முடியவில்லையோ,
அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.
நூற்றிருபது வினாடி என்று மட்டும் எழுதினேன்.

டோபமைன் இரண்டு வாசலில் தட்டும்.
ஒன்றில் "கிளம்பு" என்பவனை உசுப்பும்,
மற்றதில் "நில்" என்பவனின் வாயைப் பொத்தும்.
அளவு மிஞ்சினால்
செல்லே தன் கொழுப்பில் கொஞ்சம் உருக்கிப்
பின்பக்கமாகச் சொல்லி அனுப்பும்: போதும்.
நாங்கள் ஊசியில் ஏற்றுவது
அந்தப் போதுமின் பெருங்கூச்சல்.

தேனப்பனிடம் இதைச் சொன்னபோது
"அப்ப ரசீது மாதிரி" என்றார்.
இருபத்தாறு வருடம் கேஷியர்.
இப்போது கையெழுத்து எறும்பளவு.

கஞ்சா எண்ணெய்க்குக் கேட்குமாம்,
வங்கியில் யாரோ சொன்னார்களாம்.
சிலருக்கு நடுக்கம் குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள்,
சிலருக்கு ஒன்றுமில்லை என்றும்.
கம்பியில் நின்ற எலி கண்ணுக்குள் நிற்க
"தெரியாது" என்றேன்.
பதினெட்டு வருடச் சம்பளம் அந்த ஒரு சொல்லுக்கு.

கானாடுகாத்தானில் கல்யாணம்.
முகப்பைத் தாண்டிவிட்டார்.
வளவுக்குள் நுழையும் நிலையில்
பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது.
பின்னால் பலகாரத் தட்டுகளோடு ஆட்கள்.
"தள்ளுங்கண்ணே" என்றது ஒரு குரல்.
நான் தோளைத் தொடவில்லை.

ஆத்தங்குடிக் கல்லில் கறுப்பு நட்சத்திரம், பிறகு மஞ்சள்.
"கறுப்பை மிதிங்க."
மிதித்தார்.
அடுத்த கறுப்பு.
அதற்கடுத்ததை ஜமுக்காளம் மூடியிருந்தது.
பட்டுப்புடவையோடு குனிந்து
சுருட்டினேன்.