கறக்கம்

முதல் நாள் காலை எங்களைக்
குளச்சல் சந்தைக்கு அனுப்பினார்கள்.
கத்தாழை மீன், பதினான்கு.
"தல மட்டும் போதுமா?
அப்ப மிச்சத்த என்ன செய்யப் போறிய?"
என்றாள் விற்றவள்.
ரெஜிலின் இரண்டு பை பிடித்தான்:
தலைகள் ஆசாரிப்பள்ளம் ஆய்வகத்துக்கு,
உடல்கள் விடுதிச் சமையலுக்கு.

எலும்பை விலக்கினால் வெள்ளையாய் ஒரு கல்.
பல்லுமில்லை, முத்துமில்லை.
கீழ் எது என்று
மீனுக்குச் சொல்வது அதுதான்.
நம் காதிலும் உண்டு,
மாவினும் மெலிந்த தூளாக.
கொஞ்சம் இடம் பெயர்ந்தால் போதும்,
கட்டிலில் புரள்கையில்
ஓட்டுக்கூரை ஒரு சுற்று வந்து நிற்கும்.

பிஸ்மியா எடுக்கும்போது கல் உடைந்தது.
இரண்டு துண்டையும் அட்டையில் ஒட்டி
'உடைந்தது' என்று எழுதினாள்.
என்னுடையதும் உடைந்திருந்தது.
நான் குப்பையில் போட்டிருந்தேன்.

மறுநாள் வினாத்தாள்.
சென்னையில் அச்சடித்தது.
தலைச்சுற்றல் உண்டா? ஆம். இல்லை.
தூத்தூர் ததேயுஸ் இரண்டையும் தொடவில்லை.
நாற்பத்தொரு நாள்
சுறாவுக்காக ஆழ்கடலில் கிடந்து
முந்தாநாள் கரையேறியவர்.
"கறக்கம் ஒண்ணும் இல்ல மக்கா.
நான் நேராத்தான் நிக்கேன்.
கரதான் ஆடுது."
பேனா பிடித்திருந்த சுகிர்தன்
எங்களைப் பார்த்தான்.
கும்பகோணத்துக்காரன்.
கறக்கம் என்றால் அவனுக்கு
மாடும் செம்பும்.

அன்றிரவு மீன்குழம்போடு உட்கார்ந்து
சொற்களைப் பிரித்தோம்.
கறக்கம். கிறுகிறுப்பு. தள்ளாட்டம்.
கண் இருட்டுவது.
படி இல்லாத இடத்தில் படி வைப்பது.
ஒவ்வொன்றும் காதுக்குள் எந்த வளைகுழல்,
அல்லது காதே இல்லையா,
வெறும் பசியா, பயமா.
புதிய கேள்வி எழுதினோம்:
சுற்றுவது நீங்களா, வீடா?
'இரண்டும் சும்மா இருக்க
சுற்றுவது எது?' என்று
ரெஜிலின் கீழே சேர்த்தான்.
அடித்தோம்.
ஒரு மணிக்கு மறுபடி சேர்த்தோம்.

மூன்றாம் நாள் நாற்காலி எனக்கு.
இருட்டறை.
விழியைப் படம் பிடிக்கும் கண்ணாடி.
சுற்று நின்றதும் பொத்தானை அழுத்த வேண்டும்,
அவ்வளவுதான் விதி.
வலப்பக்கமாக இழுத்துப் போனது.
பிறகு வேகம் குறைந்தது,
குறைந்து,
நின்றது.
அழுத்தினேன்.

இடப்பக்கம் தூக்கி எறிந்ததுபோல் இருந்தது.
"நிறுத்து சுகிர்தா!"
"நிறுத்தி அஞ்சு செகண்ட் ஆச்சு."

விளக்கு வந்ததும் திரையைக் காட்டினான்.
நான் நின்றேன் என்ற இடத்தில்
கோடு ஒரு சுளிப்பும் இல்லாமல்
அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.
மாறாத வேகம் காதுக்குக் கேட்காதாம்.
பாடத்தில் படித்ததுதான்,
தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியதுதான்.
ஐந்து மாதமாக உதவித்தொகை வராதது
எனக்கு உறைக்காமல் போனது
ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

கடைசி நாள் ததேயுஸ் திரும்ப வந்தார்.
மெத்தைப் பஞ்சின்மேல் வெறுங்காலோடு,
கண்ணை மூடி.
விழவில்லை.
சிறு அலைகளாக எழுந்து தணிந்தது வரைபடம்,
ஐந்து நொடிக்கு ஒன்று, தவறாமல்.
மென்பொருள் அதைச் சிவப்பில் குறித்து
'இரைச்சல், நீக்கவா?' என்றது.
பிஸ்மியா 'வேண்டாம்' அழுத்தினாள்.
குறிப்பில் 'கரை ஆடுது' என்று தட்டினாள்,
அவர் சொன்னபடியே.

"இது எப்ப நிக்கும்?" என்று கேட்டார்.
எங்களில் யார் சொல்வது என்று பார்த்துக்கொண்டோம்.
"தெரியல," என்றேன் நான்.
"கடலுக்குப் போனா நின்னுரும்.
அது எனக்கே தெரியும்," என்று
செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சான்றிதழ் தரும் நேரத்தில்
குப்பைத்தொட்டியைப் பார்த்தேன்.
வண்டி வந்து போயிருந்தது.
அட்டையில் பதின்மூன்று கல்,
என் கட்டம் காலி.
பேனா கேட்டு வாங்கி
அதில் எழுதினேன்:
உடைந்தது. எறிந்துவிட்டேன்.