சாவிப் பை

நான்காம் மாடி. கதவு சாத்திக்கொண்டுவிட்டது என்று
அழைத்திருந்தாள் ஒந்தினா.
லிப்ட் ஓடவில்லை.
ஏறிப் போய், கருவிப்பெட்டியை இறக்கி,
பூட்டைத் தொடுமுன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
மூச்சு இரண்டாம் மாடியிலேயே நின்றுவிட்டிருந்தது.
தண்ணீர் வேண்டுமா என்றாள்.
கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது,
தண்ணீர் உள்ளே இருக்கிறது.

அவள்தான் சொன்னாள்: செவ்வாய்க்கிழமை, ஏழரை மணி,
பொசிடோஸ் கடற்கரை,
ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்துகளில் நட்டிருக்கிறார்களே,
அதில் முதல் எழுத்தின் காலடி.
மெதுவாக ஓடுகிறவர்களும் வருவார்கள்.
எவ்வளவு மெதுவாக என்று நான் கேட்கவில்லை.

மொந்தேவிதேயோவில் ஐம்பத்து மூன்று வருடம்.
ஓடியது இரண்டே முறை.
பேருந்தைப் பிடிக்க ஒன்று, நாயிடம் பிடிபடாதிருக்க ஒன்று.
இரண்டிலும் தோல்வி.

எதிரே கிடப்பதை ஆறு என்கிறார்கள்.
பால் கூடிப்போன தேநீர் நிறம், மறுகரையே இல்லை.
அக்கரை பச்சை என்று
பெருமூச்சு விடக்கூட வழியில்லை இங்கே.

நிபியா மடக்கு நாற்காலியில் இருந்தாள்,
முழங்கால் போன பிறகும் சங்கத்தை விடாதவள்.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே நிறைந்த சுரைக்குடுக்கை,
நாற்காலி முதுகில் ஒரு துணிப்பை.
ஓடப் போகிறவர்கள்
வீட்டுச் சாவியை அதில் போட்டுவிட்டுப் போகவேண்டும்.
ஒவ்வொன்றாய் விழுந்தன.
பாதி நான் வெட்டியவை.
ஆட்களின் முகம் எனக்கு நினைவில்லை, சாவியின் பல் நினைவிருக்கிறது.
வால்தேமாரின் தெருக்கதவுச் சாவி:
மூன்றாம் பல்லை அரம் கூடுதலாய்த் தின்றுவிட்டது அன்று.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவது வழக்கம்.
அது கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை போனேன்.
தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை
என்னை முந்திக்கொண்டு போனது.
திரும்பியபோது பையில் என் சாவி மட்டும்.
ஒற்றைச் சாவி சத்தம் போடுவதில்லை.

இரண்டாம் வாரமும் அப்படியே.
மூன்றாம் வாரம் கடையில் வேலை என்று பொய் சொன்னேன்,
யாரும் கேட்காமலேயே.

நான்காம் வாரம் தென்மேற்கிலிருந்து காற்று, தூறல்.
நிபியா வரவில்லை. பையை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள்.
யாராவது ஒருவர் நின்றாக வேண்டும்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பதினோரு பேர் ஒரே நேரத்தில்
தம் காலணி நாடாவைக் குனிந்து பார்ப்பதும்
ஒருவகைப் பார்வைதான்.

நாற்காலி இல்லையே என்றேன்.
பையின் வாயைச் சுருக்கி, குறுக்கே முதுகில் கட்டி,
ஓட ஆரம்பித்தேன்.

பதினொரு வீடு, இரண்டு கடை, ஒரு தபால்பெட்டி,
யாருடையதோ ஒரு சைக்கிள்,
எல்லாம் என் விலாவில் இடித்துக்கொண்டு வந்தன.
அலை சுவரேறி நடைபாதையில் விழுந்தது.
முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.
கிலுகிலுப்பு தேய்ந்தால் கால் தளர்த்தினார்கள்,
நெருங்கினால் கூட்டினார்கள்.
நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது
இருட்டில் அங்கங்கே
அவர்களும் நின்றிருந்ததைப் பிறகுதான் சொன்னார்கள்.

கலங்கரை விளக்கத்தின் சுவரைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.
தொட்டதற்குச் சாட்சி இல்லை.

முதல் எழுத்தின் காலடியில்
நனைந்து, தோள் குறுக்கி, எல்லோரும்.
பல் கிட்டுகிறது, வீட்டில் சூடான சூப் இருக்கிறது,
எனக்கு முன்னால் ஒருவரும் போக முடியாது.
கடைசி நூறு மீட்டரை
நடந்தே வந்தேன்.

வால்தேமார் தன்னுடையதைத் துழாவி எடுத்தார்.
"இது இரண்டு தரம் திருப்பினால்தான் திறக்கிறது" என்றார்,
"பதினாறு வருடமாக."
தெரியும், பழையதைத் தூக்கிப் போடுங்கள்,
அடுத்த செவ்வாய் புதிதாய் வெட்டிக்கொண்டு வருகிறேன்
என்று ஒரே மூச்சில் சொல்லப் பார்த்தேன்.
"செவ்வாய்" என்பது மட்டும் வந்தது.
தலையாட்டினார்.