நான்கரை மணிக்கு மேல் வரலாறு இல்லை

காலை ஒன்பதுக்குப் பதினேழு பிள்ளைகள்.
பதிவேட்டில் பெயருக்கு எதிரே
வேர்க்கடலை ஆகாது, தேனீ ஆகாது,
நீச்சல் தெரியும், தெரியாது, 'கொஞ்சம்'.
காலுறைக்கு மேல் உண்ணி மருந்து,
மூக்கில் வெயிலுக்கான வெள்ளைப் பூச்சு.
நான் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டில் இருந்தேன்:
முரட்டுத் துணிப் பாவாடை, நாடா கட்டிய தொப்பி,
பாவாடைப் பைக்குள் கைபேசி, ஓசையடக்கி.

இந்த மலையில் அன்று ஒரு மரமும் இல்லை என்றேன்.
யாரும் நம்பவில்லை.
நம்பும்படியும் இல்லை.
மேப்பிளும் பீச்சும் தலைக்கு மேல் கைகோத்து
வெயிலைச் சில்லறையாகத்தான் கீழே விட்டன.
எல்லாம் கரியாயிற்று, கரி இந்த உலைக்குள் போயிற்று,
ஒரு நாள் இரும்புக்கு ஒரு ஏக்கர் காடு என்றேன்.
லூசிண்டா கை தூக்கினாள்.
"அப்ப அணிலெல்லாம் எங்க போச்சு?"

என் கையேடு பதினோரு பக்கம்.
முதலாளி பெயர், அவர் மகன்களின் பெயர்,
எந்த ஆண்டு எத்தனை டன்,
எந்த வண்டிக்கு எத்தனை கூலி.
அணிலுக்கு ஒரு வரி இல்லை.
"நல்ல கேள்வி" என்றேன்,
தெரியாதவர்கள் சொல்லும் அதே குரலில்.

சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு வேலை.
உலைக்காரன், கரிமூட்டக்காரன், கணக்கெழுதுபவன்.
ஏழு வயது டெஸ்மண்டுக்கு
தாது வண்டி இழுக்கும் கோவேறுகழுதை.
அழுவான் என்று நினைத்தேன்.
அவன் தலையைத் தாழ்த்தி
அட்டைப்பெட்டியின் கயிற்றைத் தோளில் மாட்டினான்.
மூன்று மணிவரை ஒரு சொல் பேசவில்லை,
சாப்பாட்டு வேளையில் மட்டும் கிசுகிசுத்தான்:
"கழுதை சீஸ் சாப்பிடுமா?"
சாப்பிடும் என்றேன். வரலாற்றில் என் பங்கு.

பிற்பகல், ஓடை.
கணுக்கால் தண்ணீரில் குனிந்த பதினேழு முதுகுகள்.
கூழாங்கல்லுக்குள் கூழாங்கல்லாய்
நீலக் கண்ணாடிச் சில்லுகள்,
மழைக்கு முந்தைய வானத்தைப் பிய்த்துப் போட்டாற்போல.
ரத்தினம், ரத்தினம் என்று கூச்சல்.
உலை துப்பிய கசடு அது,
இரும்பை எடுத்துக்கொண்டு வேண்டாமென்று கொட்டியது.
சொன்னேன். ஒருவர் முகத்திலும் ஒளி குறையவில்லை.
விதி எண் நான்கு:
கண்டெடுத்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும்.
விட்டார்கள், ஒவ்வொருவராக,
மீனைத் தண்ணீரில் விடுவது போல.

நான்கரைக்குள் கார்கள் வந்து போயின.
தொப்பியை ஆணியில் மாட்டி
ஜீன்ஸுக்கு மாறி வெளியே வந்தால்
படியில் டெஸ்மண்ட் மட்டும்.
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
"அந்த அக்கா செத்துட்டாங்களா?"
எந்த அக்கா என்று கேட்கவிருந்தேன்.
"ஆமா," என்றேன், "ரொம்ப நாளாச்சு."
தலையாட்டினான். ஏற்கெனவே சந்தேகித்த விஷயம்தான்.

அவன் இடது காலுறை வீங்கியிருந்தது,
உண்ணி கடித்த வீக்கமில்லை.
ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது.
நானும் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
உலையின் உடைந்த வாய்க்குள்
ஒரு பிர்ச் மரம், என் உயரம்,
காற்றில்லாமலே இலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து பத்துக்கு வந்தது இழுவை லாரி.
அவன் அப்பா இறங்கும்போதே மன்னிப்புக் கேட்டார்.
நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் கவிழ்ந்ததாம்,
விரல்களில் இன்னும் கிரீஸ்.
பதினைந்து நிமிடத் தாமதத்துக்குப் பத்து டாலர்:
கதவில் ஒட்டியிருந்ததை அவர் படித்துக்கொண்டிருந்தார்,
உதடு அசைய, கூட்டல் போட்டபடி.

பேனாவை எடுத்தேன்.
'சென்ற நேரம்' என்ற கட்டத்தில்
நான்கு இருபத்தெட்டு என்று எழுதினேன்.
என் கையெழுத்து அன்று மிக அழகாக வந்தது.
நூறாண்டு கழித்து யாராவது இந்த ஏட்டைப் புரட்டினால்
அந்த லாரி நேரத்துக்கு வந்திருக்கும்,
ஓடையில் ஒரு கல்லும் குறைந்திருக்காது,
அணில் என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது.

லாரி திரும்பியது. விளக்குகள் மரங்களைத் தடவின.
வளைவைத் தாண்டியபின், இருட்டுக்குள்ளிருந்து,
சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு,
நாளெல்லாம் அடக்கி வைத்திருந்த
ஒரு முழுக் கனைப்பு.