தலையணை

மூன்று பத்திகள்.
இடப்பக்கம் மத்தேயு, நடுவில் மாற்கு, வலப்பக்கம் லூக்கா.
ட்யூபிங்கனில் பனி விடாத பிப்ரவரியில்
ஒரே புயலை மூன்று தடவை
ஈயத்தில் கோத்துக்கொண்டிருந்தேன்,
தலைகீழாக, கண்ணாடிக்குள் வாசிப்பதுபோல.

பேராசிரியர் ஹெல்ஃபெரிஷ் மெய்ப்புத் தாளோடு வருவார்.
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டுமுன்னே தொடங்கிவிடுவார்:
மாற்குதான் முந்தியது.
பார், படகின் பின்புறம் அவர் தூங்குகையில்
தலைக்கு ஒரு தலையணை இருக்கிறது.
மற்ற இருவரிடமும் இல்லை.
கண்டவன் சொல்லித்தான் இது வந்திருக்க வேண்டும்.
தலையணையைப் போய் யார் இட்டுக்கட்டுவார்?

வியாழக்கிழமைகளில் போதகர் ஷ்டெங்லினும் சேர்ந்துகொள்வார்.
சபை பிறந்த நாளிலிருந்து மத்தேயுவே முதல்,
மாற்கு அதைச் சுருக்கியவன், அவ்வளவே.
சுருக்குகிறவன் எதற்கையா தலையணையைச் சேர்க்கிறான்?
மேசை அதிரும். எழுத்துப் பெட்டி கவிழும்.
பொறுக்குவது நான்.

ஒருவன் பேசி மற்றவன் வாய்மூடும் இடங்களில்
வெற்றுக் கட்டைகளை அடுக்குவேன்.
மை எட்டாத உயரம் அவற்றுக்கு.
ஆனாலும் ஈயம் ஈயந்தான்.
சட்டத்தைத் தூக்கும்போது
சொல்லாததும் சேர்ந்தே கனக்கும்.

அறுபத்தாறில், டவுபர் ஆற்றங்கரைச் சண்டை முடிந்து
தம்பி காட்லோபைப் பற்றி ஒரு தாள் வந்தது.
கள மருத்துவமனைக் குமாஸ்தாவின் கையெழுத்து.
வயிற்றில் குண்டு. வைக்கோல். விடியுமுன் முடிந்தது.
நான்கு வரி, அதில் ஓர் எழுத்துப்பிழை.

அம்மா ஊராஹில் இருந்தாள். அவளுக்கு நகலெடுத்தேன்.
பிழையைத் திருத்தினேன், தொழில் புத்தி.
வயிற்றை நெஞ்சாக்கினேன்.
வைக்கோல் வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.
மை காய்ந்து, மறுபடி தோய்த்து,
தலைக்கு ஒரு தலையணை இருந்தது
என்று எழுதினேன்.
வந்த தாளை அடுப்பில் போட்டேன்.

சாகும்வரை அம்மா அந்த நகலை
எதிர்வீட்டுக்காரியிடம் காட்டிக்கொண்டிருந்தாளாம்:
பக்கத்திலேயே இருந்தவர் எழுதியது இது,
தலையணையைக்கூட விடவில்லை, பாரேன்.

இன்றும் இருவரும் வந்தார்கள்.
அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடு என்றார் ஒருவர்.
கூடாது என்றார் மற்றவர்.
முடிவு செய்யட்டும் என்று
இடுக்கியால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.
சில்லிட்டிருந்தது.
இரு பக்கத்துப் பத்தியிலும்
அதே அளவுக்கு வெற்றுக் கட்டை
ஏற்கெனவே வைத்தாயிற்று.