ஒதுக்கப்படாத இடம்

பதினாலு தவணையில் முதல் தவணை நேற்றுதான் போனது.
தண்டையார்பேட்டைக் கடையில் டேப்பைக் கத்தியால் கிழித்து
புத்தம்புதுசு மேடம், ஒரு கைரேகை இல்ல பாருங்க என்றான்.
வீட்டில் திறந்தால் உள்ளே ஏற்கெனவே கூட்டம்.

இரண்டு வைரஸ் தடுப்பான்கள், ஒன்றையொன்று நம்பாதவை.
ஒரு சீட்டாட்டம். நான் கேட்காத வானிலை,
அதுவும் பெங்களூருக்கு.
முப்பது நாள் இலவசம் முப்பது நாள் இலவசம் என
மூலையில் எகிறி எகிறிக் குதிக்கும் ஒரு பெட்டி.
என் பெயர் யூசர் ஒன்று. கடைக்காரன் வைத்தது.

எல்லாத்தையும் தூக்கிட்டு முதல்லேருந்து போடு என்றான்
டோமினிக், சுங்கத் தரகர் ஆபீசில் அடுத்த நாற்காலி.
அவன் தந்த பென்டிரைவில் கொயர் ஒத்திகை இருந்ததாம்.
எனக்காக அழித்தானாம். அதற்கு ஒரு டீ வாங்கிக்கொண்டான்.

இரவு பதினொன்றரை, திருவொற்றியூர்.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி நிற்கின்றன.
மேல்வரிசைச் சாவியை விடாமல் தட்டணும், லேட்டானா போச்சு.
தட்டினேன், கொசு அடிக்கிற வேகத்தில்.

முதலில் மொழி கேட்டது. பிறகு நேரம்:
சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி.
நாலு ஊருக்கும் ஒரே மணி, எங்கள் ஊர் முன்னால்.
ஆங்கில அகரவரிசைக்கு நன்றி.
வேறெந்த வரிசையிலும் முதலில் நின்றதில்லை.

பிறகு வட்டு, துண்டு துண்டாக.
நூறு எம்பி ஒன்று, பதினாறு ஒன்று,
மீட்புக்கென்று கம்பெனி ஒளித்து வைத்தது ஒன்று.
அழி. நிச்சயமா? நிச்சயம்.
அழி. நிச்சயமா?
மீட்புத் துண்டில் விரல் நின்றது.
போனால் வராது. தவணை மட்டும் வரும்.
அழி.

நீளமாய் ஒற்றை வரி மிஞ்சியது:
ஒதுக்கப்படாத இடம், நானூற்று எழுபத்தாறு ஜிபி.

தெரிந்த சொல்தான்.
சாலையை அகலமாக்க வந்தவர்கள் எங்கள் சுவரில்
சிவப்புப் பெயிண்டில் ஒரு எண் எழுதிப் போனார்கள்.
அப்புறம் ஆறு வருஷம் வாரிய ஆபீஸ் ஜன்னலில்
அப்பாவுக்குக் கிடைத்த பதில்: இன்னும் ஒதுக்கல.
காலி வீடுகள் இருந்தன. போய்ப் பார்த்தோம்.
மூன்றாம் மாடியில் புறாக்கள் குடித்தனம் நடத்தின.
ஒதுக்கப்படாதது என்றால் கிடையாது என்று பொருள்,
அப்படித்தான் நான் தமிழ் படித்தேன்.

இங்கே அது திறந்து கிடக்கிறது,
எவர் கையெழுத்தும் கேட்காமல்.
அடுத்து என்பதை அழுத்தினேன்.

நாற்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
தெரு முழுக்க அணைந்து, ஃபேன் ஓய்ந்து,
ஏகவல்லி பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.
இன்னாக்கா, போச்சா?
பேட்டரி இருக்கு, பேசாதே என்றேன்,
பேசினால் சதவீதம் இறங்கிவிடும்போல.
மணலிப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாசனை
வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

மூன்று முறை தானாகச் செத்துத் தானாகப் பிழைத்தது.
பெயர் கேட்டது. ஆபீசில் யாரும் முழுசாகச் சொல்லாத
வடிவாம்பிகையை முழுசாகப் போட்டேன்.

படம் எதுனா போடேன்.
இதுல ஒண்ணுமே இல்ல வல்லி.
வைஃபை?
அதுகூட இல்ல. டிரைவர் போடணும்.
அப்ப இன்னாத்துக்கு ராத்திரி பூரா குந்திக்கினு இருந்தே?
கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

கருவிப் பட்டியல் முழுக்க மஞ்சள் முக்கோணங்கள்.
டோமினிக்கிடம் கேட்க வேண்டியதை
கேஸ் ரசீதின் பின்னால் எழுதினேன்:
வைஃபை. சவுண்டு. டச்பேட் (பாதிதான் வேலை செய்கிறது).
கடைசியில் ஒன்று, பெயர் தெரியாத சாதனம்.
எந்த மூலையில் இருக்கிறது, எதற்கு இருக்கிறது,
இயந்திரத்துக்கே தெரியவில்லை. உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.
அதை மட்டும் எழுதவில்லை.

பேட்டரி ஒன்பது.
சாலையில் ஒரு லாரி அரை அடி நகர்ந்து
மறுபடி நின்றது.